எலும்புக்கூட்டு ராஜாவின் நெற்றியில் பூ

என் வீட்டுக்காரர் சாமுவேலுக்குக் குடி கிடையாது, சீட்டு கிடையாது என்று சொல்லித்தான் தரகர் கல்யாணத்தை முடித்தார். இரண்டும் உண்மை. ஐயம்பேட்டை வீட்டுப் படுக்கையறைச் சுவரில் பதினேழு பிசாசுகள் தொங்குவதைப் பற்றி மட்டும் அந்த மனுஷன் வாயே திறக்கவில்லை.

எல்லாம் டெத் மெட்டல் என்கிற பாட்டுவகையின் ஆல்பம் அட்டைகள். இணையத்தில் எடுத்து, அச்சடித்து, கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார். அப்படி என்னதான் பாட்டு, போட்டுக் காட்டுங்கள் என்றேன். கன்று ஈனும் மாடு போல ஒருவன் முக்கினான், பின்னால் பத்து விசைத்தறி ஒன்றாக ஓடியது. அரை நிமிஷத்தில் அவரே நிறுத்திவிட்டார்.

"எனக்கு இதெல்லாம் தலவலி, கிரேஸு. நான் அட்டைக்குத்தான் ரசிகன்."

போஸ்டரைப் பார்த்துவிட்டு சினிமா பார்க்காமல் திரும்புகிற ஆளுக்கு என்னைக் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள் என்று அன்றைக்கே புரிந்தது. கட்டிலுக்கு எதிரே இருந்த அட்டை அவருக்கு உயிர். ஏதோ பனிநாட்டுக் கோஷ்டியுடையது. எலும்புக்கூட்டு ராஜா ஒருவன் தன் குடலையே மாலையாகப் போட்டுக்கொண்டு சிம்மாசனத்தில் உட்கார்ந்திருப்பான். எட்டு வருஷமாக நான் அவன் முகத்தில்தான் விழிக்கிறேன். ஒருமுறை ஜெபத்துக்கு வந்த பாஸ்டர் அதைப் பார்த்துத் திகைத்து நின்றார். இவர் கூசாமல், "அது நரகம், ஐயா. பயம் இருக்கட்டும்னு மாட்டி வெச்சிருக்கேன்," என்றார். பாஸ்டர் பாராட்டி, போனில் படம் எடுத்துக்கொண்டு போனார்.

அந்த ராஜாமேல் ஏன் அவ்வளவு பிரியம் என்று கேட்டபோது, அந்த ஆல்பத்தின் பின்பக்கப் படத்தைப் போனில் பெரிதாக்கிக் காட்டினார்.

"அடியில பாரு. வரைஞ்சவன் பேரு போட்டுக்கீறாங்க. எனக்கு ஒரே ஒரு தடவ இப்டி வந்தா போதும்."

எனக்குப் பாவமாக இருந்தது. சின்ன காஞ்சிபுரத்தில் கோதண்டபாணி முதலாளியிடம் பதினாலு வருஷமாகப் பட்டுச்சேலைக்கு டிசைன் போடுகிறார். கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாக இவர் வரைவதுதான் தறியில் பூவாக இறங்கும். சேலைப் பெட்டியில் கடைப் பெயர் இருக்கும், முதலாளியின் அப்பா படம்கூட இருக்கும். வரைந்தவர் பெயர் எங்கேயும் இருக்காது.

போன வருஷம் ஃபேஸ்புக்கில் எவனோ போட்ட அட்டைக்குக் கீழே இவர், 'பிசாசின் இடது இறக்கையில் ஓர் எலும்பு குறைகிறது' என்று எழுதிவைத்தார். அந்த அட்டைக்குச் சொந்தக்காரன் லோகேஷ். ஒரகடத்தில் கார் கம்பெனி வேலை, ஷிப்டு முடிந்ததும் கோஷ்டியில் கத்துகிற வேலை. கோபப்படாமல் எண்ணிப் பார்த்திருக்கிறான், நிஜமாகவே ஒன்று குறைந்திருக்கிறது. "அடுத்த ஆல்பத்துக்கு நீங்களே வரைஞ்சு குடுங்கண்ணா. பின்னாடி உங்க பேர் போடுறோம்," என்றான்.

அன்றைக்கு இவர் சாப்பிடவேயில்லை. நான் வைத்த கருவாட்டுக் குழம்பைப் பூனை சாப்பிட்டது.

ஒரு மாதம் உட்கார்ந்து இவரும் ஓர் எலும்புக்கூட்டு ராஜாவை வரைந்தார். லோகேஷ் வீட்டுக்கே வந்து பார்த்தான். படம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் மண்டையோட்டின் நெற்றி முழுக்கச் சின்னச் சின்னப் பூ.

"அண்ணா, பூ எதுக்குண்ணா?"

"இவ்ளோ பெரிய நெத்திய சும்மா வுட முடியாதுபா. நடுவுல புடிப்புப் பூ இல்லன்னா சேலைக்கு உள்பக்கம் ஜரிகை தொங்கும். மெட்டியில மாட்டி இழுத்துக்கும்."

"இத யாரும் கட்டிக்க மாட்டாங்கண்ணா. இது ஆல்பம்."

இவருக்கு அது தெரியாமலா? கைக்குத் தெரியவில்லை. லோகேஷ் போனதும் பூவையெல்லாம் அழித்தார். மறுநாள் பார்த்தால் நெற்றியில் மறுபடி பூ. மூன்று தடவை இப்படி நடந்தது. "உங்க பேரு வரணுமா வேணாவா?" என்று நான் கத்தினேன். "வெறும் நெத்தியப் பாத்தா மனசு ஆறலடி," என்று தலையில் கைவைத்து உட்கார்ந்தார். கடைசியில் பூவோடேயே அனுப்பிவிட்டு, இனி அவ்வளவுதான் என்று இரண்டு நாள் போனைத் தொடவில்லை.

மூன்றாம் நாள் லோகேஷே வந்தான். பூவோடு பார்த்தால்தான் பயமாக இருக்கிறது என்று அவர்கள் டிரம்மர் சொன்னானாம். "பேரு எந்த எழுத்துல போடணும்ணா?" என்று கேட்டான். நானே எழுதித் தருகிறேன் என்று இவர் மறுபடி கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தார். அப்போதே எனக்குச் சந்தேகம்தான்.

சிடி வந்தது. பின்பக்கம் திருப்பினேன். அடியில் ஒரு முள்புதர் இருந்தது.

"பேரு எங்கங்க?"

"அதான்."

அந்தக் கோஷ்டிகள் எல்லாம் பெயரை முள்ளும் வேருமாகத்தான் எழுதுமாம். சாதா எழுத்து அந்தப் படத்துக்கு அசிங்கமாம். பதினாலு வருஷமாகப் பெயருக்கு ஏங்கிய மனுஷன், கிடைத்ததும் ஒருவராலும் படிக்க முடியாதபடி எழுதிவைத்திருக்கிறார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அழுகையே வந்துவிட்டது. அவருக்கும் அப்போதுதான் உறைத்தது போல. அவர் அம்மா அம்சா சிடியைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்து, "இன்னாபா இது, வேலிக்காத்தானா?" என்றபோது இவர் முகம் செத்துவிட்டது.

மறுநாள் முந்தானைக் குஞ்சம் கட்டிய சேலைகளைக் கொடுக்க நானும் அவரோடு கடைக்குப் போனேன். குஞ்சம் கட்டுவது என் வேலை. பையில் சிடியும் இருந்தது. அவர் கண்ணாலேயே வேண்டாம் வேண்டாம் என்றார். நான் கேட்பேனா? மேஜைமேல் வைத்தேன். யாருடையது என்று சொல்லவில்லை. கோதண்டபாணி முதலாளி எடுத்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, முன்பக்கத்தை மட்டும் பார்த்தார். திருப்பக்கூட இல்லை.

"இன்னா சாமுவேலு, இது நீ போட்டதா?"

இவர் சேலைக் கட்டுக்குப் பின்னால் ஒதுங்கினார். "எப்டி மொதலாளி கண்டுபுடிச்சீங்க?" என்று நான்தான் கேட்டேன்.

"மண்டையோட்டுக்கு வேற எவன்மா புடிப்புப் பூ வெப்பான்? பதினாலு வருஷமா பாத்துக்கினு இருக்குறேன், இவன் கை எனக்குத் தெரியாதா?"

என் வீட்டுக்காரர் கண்ணில் தண்ணீர் நின்றது. இத்தனை வருஷத்தில் அவர் வேலையைப் பற்றி முதலாளி வாயிலிருந்து நான் கேட்ட முதல் வார்த்தை இதுதான். முதலாளிக்கு அதெல்லாம் கவனமில்லை, படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்த நெத்திப் பூ நல்லா எடுப்பா இருக்குதுபா. மண்டய எடுத்துட்டு, தை மாசக் கல்யாணத்துக்கு ஒரு பார்டர் போட்டுக் குடு."

வழக்கமாக இவர் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய்விடுவார். அன்றைக்கு அசையவில்லை.

"போடுறேன், மொதலாளி. எம் பேரும் போடுவீங்களா?"

கடையில் சேலை மடித்துக்கொண்டிருந்தவர்கள் கை நின்றது. வேலை போயிற்று என்றே நினைத்தேன். முதலாளி கண்ணாடியை இறக்கி அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"சேலையில பேரு எங்கபா போடுறது?"

"முந்தானை ஓரத்துல எடம் இருக்குது, மொதலாளி," என்றார் என் வீட்டுக்காரர். "எல்லாரும் படிக்கிற மாதிரியே எழுதித் தரேன்."