சுண்ணாம்பு சுட்ட இடம்

எங்கள் ஊரில் மரவள்ளிக்குக் களை எடுக்கப் போகிற கூட்டத்துக்கு நான்தான் பெரியவள். வயசால் மட்டும் இல்லை. கஞ்சி குடித்து முடித்ததும் அத்தனை பேர் கையும் என் சுருக்குப் பைக்குத்தான் நீளும். வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, நல்ல காரமான புகையிலை. யாருக்கு எவ்வளவு என்று கிள்ளிக் கொடுப்பது நான். அதில் எனக்கு ஒரு கெத்து இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய்.

என் கொழுந்தனைக் கட்டியவள், என் ஓரகத்தி, போன வருஷம் திடீரென்று புகையிலையை விட்டாள். வீடு வீடாக பி.பி. மாத்திரை கொண்டுவரும் நர்சம்மா சொன்னாளாம், கன்னத்தில் அதக்கி வைப்பது புற்றுநோயில் கொண்டுபோய் விடும் என்று. இவள் தன் பையில் வறுத்த கடலையும் சோம்பும் போட்டுக்கொண்டு வந்தாள். முதலில் எல்லாரும் சிரித்தார்கள். ஒரு மாதத்தில் பாதிக் கூட்டம் அவள் பக்கம் போய் உட்கார்ந்தது. நான் புகையிலையைக் கிள்ளி வைத்துக்கொண்டு காத்திருந்தேன். வயிறு எரிந்தது.

"இன்னாடி, சினிமா கொட்டாய்ல கடல விக்கறியா?" என்றேன்.

"நீயும் ஒரு பிடி வாங்கிக்கோக்கா. துப்பறதுக்கு எழுந்து எழுந்து ஓட வேணாம்," என்றாள்.

எல்லாரும் சிரித்தார்கள். அந்தக் கூட்டம் என்னைப் பார்த்துச் சிரித்தது அதுதான் முதல் தடவை.

அந்த வாரம் நர்சம்மா டார்ச் லைட்டோடு வாய் பார்க்க வந்தாள். ஓரகத்தி வாயைப் பார்த்துவிட்டு, "சூப்பருங்கம்மா, இப்படியே இருங்க," என்றாள். தெருவே கேட்டது. என் முறை வந்தபோது நான் மாட்டுக்குத் தண்ணி காட்டப் போய்விட்டேன்.

காரணம் இருந்தது. என் இடது கன்னத்துக்குள் வெள்ளையாக, சொரசொரப்பாக ஓர் இடம், விரல் நகம் அளவு. வலி கிடையாது. சுண்ணாம்பு சுட்டது என்று விட்டுவிட்டேன். வெற்றிலை போடுகிற நாங்கள் எல்லாரும் அப்படித்தான் சொல்வோம். சுண்ணாம்பைக் குறைத்தேன். காரம் போய்விடக் கூடாதே என்று புகையிலையை ஒரு கிள்ளு கூட்டிக்கொண்டேன். நாலு மாதம் ஆகியும் அது அப்படியே இருந்தது.

அப்புறம்தான் கேள்விப்பட்டேன், நூறு நாள் வேலை நடக்கிற ஏரிக்கரையில் புகையிலையை விட்டதைப் பற்றி ஓரகத்தியை நாலு வார்த்தை பேசச் சொல்லியிருக்கிறாள் நர்சம்மா. இவளா பேசுவாள்? என் வாய்க்கு என்ன குறை? அன்றைக்குக் காலையில் உப்பு வைத்து நன்றாகத் தேய்த்துக் கழுவிக்கொண்டு, ஏரிக்கரையில் அத்தனை பேர் முன்னால் நர்சம்மாவிடம் போய் வாயைத் திறந்து நின்றேன்.

நர்சம்மா முகத்தில் சிரிப்பு நின்றுபோனது.

"இது எத்தினி நாளா இருக்குங்க ஆயா?"

"சுண்ணாம்பு சுட்டதும்மா."

"அதுன்னா பத்து நாள்ல ஆறிடுங்க. நாளைக்கே கள்ளக்குறிச்சி பெரியாஸ்பத்திரிக்குப் போங்க."

பஸ்ஸில் என்னோடு வந்தது ஓரகத்திதான். நர்சம்மா எழுதிக் கொடுத்த சீட்டு அவள் கையில், படிக்கத் தெரிந்தவள். கன்னத்தில் துளி சதை எடுத்தார்கள். முடிவு வர ஒரு வாரம். அந்த வாரம் முழுக்க எனக்கு ஒரே நினைப்பு: கூட்டத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள், இனி நான் போன பிறகும் இவள் உட்கார்ந்து கடலை தின்பாள். சாவை விட அதுதான் உறுத்தியது.

"புத்துநோய் இல்லீங்க," என்றார் டாக்டர். "பொகையிலய விடலன்னா அங்கதான் போய் நிக்கும்."

அன்றைக்கே விட்டேன். தலைவலி, எரிச்சல், தூக்கம் கிடையாது. அவள் விட்டாளே, நான் விட மாட்டேனா என்ற வீம்பில்தான் தாக்குப் பிடித்தேன்.

ஆறு மாதம் கழித்து மறுபடி டார்ச் அடித்தாள் நர்சம்மா. "நல்லா கம்மியாயிருக்குங்க ஆயா. ஆனா வருஷா வருஷம் காட்டிக்கினே இருக்கணும்."

"அவ வாய் மாதிரி ஆச்சா?"

"இன்னும் ஆவலீங்க," என்று சிரித்தாள்.

இப்போது என் பையில் பொட்டுக்கடலையும் வெல்லமும். சோம்பு கிடையாது, அது அவளுடையது. நேற்று களை எடுக்கையில் ஒருத்தி எங்கள் இரண்டு பேர் பைக்கும் கை நீட்டினாள். முதலில் எந்தப் பைக்கு என்று நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.