சொல்ல முடியாத பாஸ்வேர்டு

என் மச்சினனை, அதாவது என் மனைவியின் தம்பியை, அவனுக்குப் பெண் கொடுக்க வந்தவர்கள் முன்னால் வைத்து ஒருநாள் நாறடித்தேன். அதற்காக நான் வருத்தப்படுகிறேன் என்று யாராவது நினைத்தால் தப்பு. இன்னொரு தடவை வாய்ப்புக் கிடைத்தாலும் செய்வேன். இன்னும் கொஞ்சம் சத்தமாகவே செய்வேன்.

நான் மஸ்கட்டில் ஏசி மெக்கானிக்காக இருந்தேன். கம்பெனியை ஒருநாள் மூடிவிட்டு எல்லோரையும் ஊருக்கு ஏற்றிவிட்டார்கள். எனக்கென்று இருந்தது கடற்கரையோரம் அண்ணன்மாரோடு சேர்ந்த ஒரு சின்ன வீடு. அதில் எனக்கும் மனைவிக்கும் ஒதுங்க மூலைகூட இல்லை. அடுத்த வேலை அமையும்வரைக்கும் என்று சொல்லி, கோட்டாற்றில் இருந்த அவள் வீட்டில் போய் இறங்கினோம். மாமனார் இல்லை. மாமியும் மச்சினனும்தான். மாமி நல்ல மனுஷி, சோற்றைப் போட்டுவிட்டு முகத்தைப் பார்க்காமல் போய்விடுவாள். மச்சினன் ஒரு தனியார் பேங்கில் வேலை பார்த்தான். கழுத்தில் தொங்கும் ஐடி கார்டைக் கழற்றாமலே சாப்பிட உட்காருவான், நாங்கள் யாரும் அதை மறந்துவிடக் கூடாது என்கிற மாதிரி.

வீட்டோடு இருக்கும் மருமகன் என்றால் எல்லா ஊரிலும் இளக்காரம்தான். காலையில் பேப்பரை நான் முதலில் எடுத்தால் அவன் உதட்டைச் சுழிப்பான். மீன் வறுவலில் பெரிய துண்டு என் தட்டில் விழுந்தால் அம்மாவை ஒரு பார்வை பார்ப்பான். நான் கவனிக்காததுபோல் இருப்பேன். எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. இந்த வீட்டில் நான் மனுஷனாக இருக்கிறேனா இல்லையா என்பது. அதை யாரிடம் போய்க் கேட்பது?

அந்தச் சமயத்தில்தான் அவன் வீட்டுக்கு வைஃபை போட்டான். கோட்டாற்றுச் சந்துகளில் வீடுகள் ஒன்றோடொன்று தோளை ஒட்டிக்கொண்டு நிற்கும். எங்களுக்குக் கொடுத்திருந்த கீழறையில் போன் சிக்னல் எட்டிக்கூடப் பார்க்காது. எனக்கோ வேலை தேட நெட் வேண்டும். பாஸ்வேர்டு என்னடே என்று கேட்டேன்.

"போன இஞ்ச தாருங்க அத்தான். நான் போட்டுத் தாறேன்."

போனை வாங்கினான். சுவர்ப்பக்கம் திரும்பி நின்று, இடது கையால் மறைத்துக்கொண்டு அடித்தான். ஏடிஎம்மில் ரகசிய எண் அடிப்பவன்கூட அவ்வளவு மறைக்க மாட்டான். வந்தவர் போனவர் எல்லோருக்கும் அதே கதைதான். பக்கத்து வீட்டுக்காரி கேட்டாலும் போனை வாங்கி அவனே போட்டுக் கொடுப்பானே தவிர, வாயைத் திறந்து சொல்ல மாட்டான். பேங்கில் இருக்கிறவன், ஜாக்கிரதையாக இருக்கிறான் என்று மாமி பெருமைப்பட்டாள். அவன் கையில் முதன்முதலாக வந்த டச் போன் நான் மஸ்கட்டிலிருந்து பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தது. அதை ஏனோ அந்த வீட்டில் ஒருவரும் பேச்சில் எடுப்பதில்லை.

சில மாதங்கள் கழித்து எல்லோருமாகத் திற்பரப்பு அருவிக்குப் போனோம். குளிக்கும்போது சட்டைப் பையில் போன் இருந்ததை மறந்து, நனைத்துத் தொலைத்தேன். ஈரத்தை இழுக்கட்டும் என்று அதை அரிசிப் பானைக்குள் புதைத்து வைத்துவிட்டு, அவசரத்துக்கு ஒரு சீனத்துப் போன் வாங்கினேன். அவசரம் என்ன என்றால், தோஹாவில் ஒரு கம்பெனி வீடியோ காலில் இன்டர்வியூ வைத்திருந்தது. புதுப் போனில் வைஃபை இல்லை. திரும்பவும் மச்சினனிடம் போய் நிற்க வேண்டியதாயிற்று.

முதல் நாள் சாயங்காலமே சொன்னேன். காலையிலும் சொன்னேன். அவன் கண்ணாடி முன்னால் நின்று தலை சீவிக்கொண்டிருந்தான்.

"ஆபீசுக்கு நேரமாச்சு அத்தான். வந்து போட்டுத் தாறேன்."

"பாஸ்வேர்டைச் சொல்லிட்டுப் போ மக்கா. நானே போட்டுக்கிடுதேன். இன்னைக்கு இன்டர்வியூ."

"அது பெரிய பாஸ்வேர்டு. உங்களுக்கு வராது."

பைக்கை உதைத்துக்கொண்டு போய்விட்டான். மனைவி அப்போது பக்கத்தில்தான் நின்றாள். அவள் போனிலும் அவன்தான் போட்டுக் கொடுத்திருந்தான். அதனால் உனக்குத் தெரியுமா என்று நான் அவளைக் கேட்கக்கூட இல்லை. கால் வருவது என் நம்பருக்கு என்பதால் அவள் போனும் உதவாது.

இன்டர்வியூவைத் தெருவில் நின்று கொடுத்தேன். நல்ல சட்டை, உள்ளே டக் இன், காலில் ஷூ. எதிரில் லாரியில் இருந்து சுமைக்காரர்கள் மல்லி மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பக்கம் இருந்தவர் பெரிய ஏசியின் சில்லர் பற்றி ஏதோ கேட்கிறார், இந்தப் பக்கம் "வழி, வழி, வழியை விடும் வேய்!" என்று காது கிழிகிறது. படம் நின்று நின்று வந்தது. என் முகம் வாயைப் பிளந்தபடி திரையின் ஓரத்தில் உறைந்து நிற்பதை நானே பார்த்தேன். கடைசியில் அவர், பிறகு கூப்பிடுகிறோம் என்றார். கூப்பிடவில்லை.

அன்று சாயங்காலம் அவன் வந்து, விசிலடித்துக்கொண்டே என் போனை வாங்கி, சுவர்ப்பக்கம் திரும்பி, போட்டுக் கொடுத்தான். இன்டர்வியூ என்ன ஆச்சு என்று கேட்கவில்லை. எனக்கு அவன் கையைப் பிடித்து முறுக்க வேண்டும் போல இருந்தது. முறுக்கவில்லை. அவன் வீட்டுச் சோறு என் தொண்டையில் இருந்தது.

கொஞ்ச நாளில் அரிசிப் பானைக்குள் கிடந்த பழைய போனுக்கு உயிர் வந்துவிட்டது. பாட்டுக் கேட்க ஆகும் என்று சார்ஜ் போட்டேன். புதுப் போனில் எதையோ தேடிக்கொண்டு வைஃபை பகுதிக்குள் போனவன், சேர்ந்திருந்த நெட்டின் பெயர்மேல் விரலை வைத்துவிட்டேன். கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டம் கட்டமாக ஒரு சதுரம் வந்து நின்றது. கடைகளில் பணம் கட்ட ஒட்டி வைப்பார்களே, அந்த ஜாதிதான். பழைய போனில் ஒரு ஸ்கேனர் கிடந்தது. அதைத் திறந்து சதுரத்துக்கு நேராகக் காட்டினேன். ஒரு வரி எழுத்து வந்தது. வைஃபை என்று ஆரம்பித்து, அவன் வைத்திருந்த நெட்டின் பெயர், பிறகு ஒரு பி, அடுத்து இரட்டைப் புள்ளி, அதையடுத்து சின்ன எழுத்தில் எட்டு எழுத்து. அவ்வளவு மறைத்து அடித்த பாஸ்வேர்டு, துணியில்லாமல் நடுக்கூடத்தில் நின்றது.

முதலில் எனக்குப் புரியவில்லை. ஆங்கில வார்த்தை என்று நினைத்து ஒவ்வொரு விதமாகப் படித்துப் பார்த்தேன். ஒசிகோரு. ஆசிசோரு. ஏதாவது வெளிநாட்டுக் கம்பெனியின் பெயராக இருக்கும் என்றுகூட நினைத்தேன். பிறகு சட்டென்று தமிழில் விழுந்தது.

ஓசிச்சோறு.

கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். பாஸ்வேர்டுக்கு எட்டு எழுத்தாவது வேண்டும் என்று கேட்குமாம். அவனுக்கு அளவெடுத்ததுபோல அமைந்திருக்கிறது. அந்த வீட்டில் யார் நெட்டைத் தொட்டாலும் என் பேரைச் சொல்லித்தான் தொட வேண்டும். என் போனிலேயே என்னை இரண்டு தடவை எழுதி வைத்திருக்கிறான். அவன் வாயைத் திறக்காததன் ரகசியமும் அப்போதுதான் விளங்கியது. ஜாக்கிரதையும் இல்லை, பேங்குப் புத்தியும் இல்லை. நாலு பேர் முன்னால் சொல்ல முடியாத வார்த்தையைப் பாஸ்வேர்டாக வைத்த முட்டாள், ஆயுசுக்கும் ஊரார் போனையெல்லாம் வாங்கி அவனேதான் அடித்துக் கொடுக்க வேண்டும்.

அப்போதே போய் சட்டையைப் பிடித்திருக்கலாம். அதில் என்ன லாபம்? சும்மா விளையாட்டுக்கு என்பான், மாமி அழுவாள், முடிந்துபோகும். எனக்கு அது போதாது. அவன் வாயாலோ அவன் முன்னாலோ அந்த வார்த்தை சபையில் வந்தே தீர வேண்டும். நான் காத்திருந்தேன். மீன் வறுவலைச் சிரித்த முகத்தோடு தின்றுகொண்டு காத்திருந்தேன்.

அவனுக்குச் சிதறால் பக்கத்தில் இருந்து ஒரு சம்பந்தம் வந்தது. ரப்பர் தோட்டமும் பெரிய வீடுமாக நல்ல இடம், ஒரே பெண். பெண்ணின் அப்பா குளச்சல்காரர். கல்யாணமான நாளில் இருந்து மனைவி வீட்டிலேயே இருந்து அந்தத் தோட்டத்தை நிமிர்த்தியவர். அதை அவர் ஒளிக்கவும் மாட்டார். அவர் வைத்த ஒரே நிபந்தனை, தன்னைப்போலவே மாப்பிள்ளையும் பெண் வீட்டில்தான் வந்து இருக்க வேண்டும் என்பது. மச்சினன் தோட்டத்தை நினைத்துத் தலையை ஆட்டிவிட்டான். கேள்விப்பட்ட அன்று நான் என் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சிரித்தேன்.

அவர்கள் வீடு பார்க்க வந்தார்கள். முந்திரிக்கொத்தும் ஏத்தங்காய் சிப்ஸும் காப்பியுமாக மேஜை நிறைந்திருந்தது. கூடம் நிறையச் சொந்தக்காரர்கள். பெண்ணின் அப்பா எல்லாவற்றையும் பார்த்து "கொள்ளாம், கொள்ளாம்" என்று மெச்சினார். பிறகு பையில் இருந்து போனை எடுத்தார்.

"எனக்க மச்சினி துபாயில இருக்கா. வீட்ட அவளுக்குக் காட்டணும். இஞ்ச நெட்டு கிட்டல்லியே மக்கா?"

"வைஃபை இருக்கு மாமா. போனைத் தாருங்க, நான் போட்டுத் தாறேன்." மச்சினன் பாய்ந்து வந்தான்.

நான் நடுவில் கையை நீட்டினேன். "அவரே அடிக்கட்டும்டே. நீ பாஸ்வேர்டைச் சொல்லு."

"அது பெரிசு அத்தான்."

"பெரிசா? எட்டு எழுத்துதானே."

அவன் என்னைப் பார்த்தான். அந்த முகத்தை நான் இன்றைக்கும் வேண்டும்போதெல்லாம் எடுத்துப் பார்த்துக்கொள்கிறேன். உதட்டுச் சுழிப்பு எங்கே போனது என்றே தெரியவில்லை.

"மறந்து... மறந்துபோச்சு."

"அதுக்கென்ன, எனக்கு ஓர்மை இருக்கு," என்றேன். "அடியுங்க மாமா. ஓ."

பெரியவர் கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு, ஒற்றை விரலால் அடித்தார். அடிக்கிற எழுத்தைத் திருப்பிச் சத்தமாகச் சொல்லும் பழக்கம் அவருக்கு. ஓ. எஸ். ஐ. சி. எச். கூடம் முழுக்கக் கேட்டது. மச்சினன் சுவரில் சாய்ந்துவிட்டான். ஓ. ஆர். யூ.

"ஓசி..." என்று அவர் சேர்த்துப் படித்தார். "ஓசிச்சோறா?"

பெரியவர் கண்ணாடிக்கு மேலாக எல்லோரையும் பார்த்தார்.

"இது யாருக்க பேருடே?"

"எனக்கு வச்ச பேரு மாமா," என்றேன் நான். "வீட்டோட இருக்குத மருமகனுக்கு இந்த வீட்டுல அதுதான் பேரு."

அவர் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். "கனெக்ட் ஆயிட்டு," என்றார். துபாயில் இருந்த மச்சினியைக் கூப்பிட்டு, வரவேற்பறை, அடுக்களை, மாடி என்று நிதானமாக எல்லாவற்றையும் காட்டினார். காட்டி முடித்து, போனைப் பைக்குள் வைத்துவிட்டு, என் மச்சினனின் தோளைத் தட்டினார்.

"நீ நம்ம வீட்டுக்கு வா மக்கா. உனக்கும் நல்லதா ஒரு பேரு யோசிச்சு வைக்கேன்."

முதலில் ஒருவர் சிரித்தார், பிறகு கூடமே சிரித்தது. மாமி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அடுக்களைக்குள் போய்விட்டாள். கல்யாணம் நின்றுவிடக் கூடாதே என்று மனதுக்குள் வேண்டிக்கொண்டவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். நிற்கவில்லை. அவன் இன்று சிதறாலில், மாமனார் வீட்டில்தான் இருக்கிறான். அங்கே அவனுக்கு என்ன பேர் என்று எனக்குத் தெரியாது, ஆனால் ஒன்று இருக்கிறது என்று மட்டும் கேள்வி.

விருந்தாட்கள் போனபின் நான் பின்கட்டுக்குப் போனேன். காலே தரையில் பாவவில்லை. மனைவி குழாயடியில் டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"சந்தோசமா இப்ப?" என்றாள், திரும்பாமலே.

"ரொம்ப."

"எனக்க தம்பிய நாலாளு முன்ன வச்சு நாறடிச்சாச்சு."

"அவன் வச்ச பேரு ஏட்டி. நான் வாசிச்சுக் காட்டினேன், அவ்வளவுதான்."

குழாயை மூடினாள். கையைத் துடைத்துக்கொண்டாள். "அவன் வச்ச பேரு இல்ல," என்றாள்.

எனக்கு விளங்கவில்லை.

"நம்ம வந்த புதுசுல, ஒருநாள் அம்மைக்கிட்ட நான் சொன்னது. அவன் வாசல்ல நின்னு கேட்டான். பொறவு வைஃபை போட்டப்போ அதையே வச்சுட்டு, எங்கிட்ட வந்து காட்டிச் சிரிச்சான்."

"நீ என்ன செஞ்ச?"

அவள் டம்ளர் ஒன்றை எடுத்துக் கவிழ்த்து வைத்தாள். அப்படியென்றால் சிரித்திருக்கிறாள். நான் தெருவில் மல்லி மூட்டைகளுக்கு நடுவே டக் இன் பண்ணிக்கொண்டு நின்ற அன்றும் இவளுக்கு அந்த எட்டு எழுத்து தெரியும். சொல்லியிருந்தால் அறைக்குள் உட்கார்ந்து பேசியிருப்பேன்.

"கோவத்துல சொல்லியிருப்ப," என்றேன். அவளுக்குத் தப்பித்துக்கொள்ள ஒரு வழி விட்டேன்.

"கோவமெல்லாம் இல்ல," என்றாள். கழுவிய டம்ளர்களைத் தட்டில் அடுக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

அடுத்த மாதமே வடசேரியில் வாடகைக்கு வீடு பார்த்தேன். ஏசி சர்வீஸ் கடை ஒன்றில் வேலைக்கும் சேர்ந்தேன். அவளும் என்னோடுதான் வந்தாள். மூன்று வேளையும் நான் சம்பாதித்துப் போடுவதைத்தான் சாப்பிடுகிறாள். அவள் சோற்றைப் பிசையும்போது அந்த வார்த்தை என் நாக்கு நுனிவரைக்கும் வரும். இதுவரை சொன்னதில்லை. மச்சினனுக்கு ஒரு கூடம் நிறைய ஆட்கள் கிடைத்தார்கள். இவளுக்கு இன்னும் நாள் வரவில்லை.