பத்தொன்பது பேரை ஓர் ஆளாக்கிய சிஸ்டம்

லீலாவதியைப் பற்றி எங்கள் அலுவலகத்தில் யாரைக் கேட்டாலும், "நல்லவங்க, ஆனா கம்ப்யூட்டர் வராது" என்பார்கள். கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். மலேசியாவின் ரவாங்கில் இருக்கும் இந்த வீடமைப்பு நிறுவனத்தில் எனக்கு முகப்பு வேலை. அவர் என் பின் மேசையில் பதினோரு ஆண்டுகளாக ஆவணங்களைப் பார்க்கிறார். அலுவலகம் முழுக்கப் பகிர்ந்துகொள்ளும் ஃபோல்டரில் இருக்கிற ஒவ்வொரு தாளும் அவர் ஸ்கேன் செய்து ஏற்றியது. அவருக்குத்தான் கம்ப்யூட்டர் வராதாம்.

கெர்லிங் பக்கம் ஒரு தோட்டத்தை நிறுவனம் வாங்கியபோது, தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களில் இருந்த பத்தொன்பது குடும்பங்களுக்கும் அதே நிலத்தில் ஆளுக்கொரு வீடு தருவதாக எழுதிக் கொடுத்தது. அவர்களுக்கு லீலாவதி ஃபோல்டர் போட்ட விதமே தனி. 'இரண்டாம் லயம், ஏழாம் கதவு' என்று பெயர் வைத்தார். முகப்புக்கு வருகிறவர்கள் அப்படித்தான் தங்களைச் சொல்லிக்கொள்வார்கள். வாடிக்கையாளர் எண்ணைக் கேட்டால் திருதிருவென்று விழிப்பார்கள். லயத்தையும் கதவையும் சொன்னால் போதும், அரை நிமிடத்தில் ஐசி என்கிற அடையாள அட்டை, கல்யாணச் சான்றிதழ், சம்பளச் சீட்டு எல்லாம் திரைக்கு வந்துவிடும்.

தொலைபேசி எண் மட்டும் பத்தொன்பது குடும்பத்துக்கும் ஒன்றே. அது அவர்களில் ஒருவரான, தோட்டத்துக் கோயில் செயலாளர் சேதுவின் எண். தோட்டத்தில் பாதிப் பேர் அடிக்கடி சிம் கார்டு மாற்றுகிறவர்கள், மீதிப் பேர் தெரியாத எண் என்றால் எடுக்கவே மாட்டார்கள். சேதுவிடம் சொன்னால் மாலைப் பூசைக்குள் எல்லார் காதுக்கும் போய்விடும். அதனால் எந்த விண்ணப்பப் பாரமானாலும் அவர் எண்ணையே எழுதிப் பழகியிருந்தார்கள்.

போன ஆண்டு நிறுவனம், வாடிக்கையாளர் விவரங்களைப் பார்த்துக்கொள்ளப் புதிய மென்பொருள் வாங்கியது. ஒருவர் பெயரைத் தட்டினால் அவருடைய ஆவணங்களும் அங்கேயே திறக்க வேண்டுமாம். அதற்காக எங்கள் ஃபோல்டரை அதோடு இணைக்கக் கோலாலம்பூரிலிருந்து புவனேசன் என்ற இளைஞர் வந்தார். ஒரே ஆள் பல தடவை பதிவாகியிருந்தால் ஒன்றாகச் சேர்ப்பதுதான் முதல் வேலை என்றார். எதை வைத்துச் சேர்ப்பீர்கள் என்று லீலாவதி கேட்டார்.

"போன் நம்பர் வச்சுதான்கா. பேர ஆளுக்கொரு மாதிரி எழுதியிருக்காங்க. நம்பர்னா ஈஸி லா."

"தோட்டத்து ஆளுங்க எல்லாம் ஒரே நம்பர்தான் குடுத்திருக்காங்க தம்பி. ஐசி நம்பர வச்சுப் பாருங்க."

"ஐசி எல்லாம் ஸ்கேன் பண்ண படத்துலதான இருக்கு. லிஸ்ட்ல இல்லையே."

"ரெண்டு வாரம் குடுங்க. நானே டைப் பண்ணிக் குடுக்கிறேன்."

எங்கள் மேலாளர் ரவீந்திரன் சிரித்தார். "லீலா, இது சிஸ்டம். உங்க லயத்துக் கதை எல்லாம் இதுக்கு வேணாம்."

அவர் பிறந்ததும் ஒரு லயத்தில்தான். இருந்தும் சிரித்தார். தொடக்க விழாவுக்கு நாள் குறித்து, கேக்குக்கும் சொல்லியாயிற்று. இரண்டு வாரத்துக்கு எங்கே போவது?

கேக் வெட்டிய நான்காம் நாள் சேது லீலாவதியைப் போனில் கூப்பிட்டார்.

"லீலாம்மா, எனக்கு மெசேஜ் வந்திருக்கு. நான் பத்தொம்போது வீடு கேட்டிருக்கேனாம். ஒண்ணுதான் குடுப்பாங்களாம், மத்தது எல்லாம் கேன்சலாம். நான் எப்பம்மா பத்தொம்போது வீடு கேட்டேன்?"

லீலாவதி மென்பொருளைத் திறந்தார். நானும் எட்டிப் பார்த்தேன். பத்தொன்பது குடும்பங்களும் சேது என்ற ஒரே ஆளாகியிருந்தன. எல்லார் தாள்களும் அவர் பெயருக்குள் தாறுமாறாகக் கிடந்தன. மூன்றாம் லயத்தில் தனியாக இருக்கும் கண்மணியக்கா தன் கணவரின் மரணச் சான்றிதழைக் கொடுத்திருந்தார், அது சேதுவின் குடும்ப ஆவணமாகியிருந்தது. ரத்தான பதினெட்டு வீடுகளும் முந்தின நாளே வெளியார் விற்பனைக்குத் திறந்துவிடப்பட்டிருந்தன.

ஓடிப்போய் மேலாளரிடம் சொன்னோம். சிஸ்டம் தப்புச் செய்யாது, விவரத்தைப் போட்டவர்கள் தப்பாகப் போட்டிருக்கிறார்கள் என்றார் அந்த மனிதர். போட்டது யார்? லீலாவதி. அவரே விளக்கக் கடிதம் எழுதித் தர வேண்டுமாம். லீலாவதி மேசைக்குத் திரும்பிச் சேதுவுக்குப் போன் போட்டார். "அண்ணே, நாளைக்குக் காலையில எல்லாரையும் கூட்டிட்டு வாங்க. ஐசி மறக்க வேணாம்."

மறுநாள் இரண்டு பள்ளி வேன்களில் வந்து இறங்கினார்கள். குடும்பத்துக்கு ஒருவராகப் பத்தொன்பது பேர். ஒவ்வொருவரும் வரிசைச் சீட்டு எடுத்துக்கொண்டு என் முகப்பின் முன் நின்றார்கள். லீலாவதி மேலாளரை அறையிலிருந்து அழைத்து வந்தார்.

"சார், சிஸ்டம்ல இவங்க எல்லாரும் ஒரே ஆளு. இதுல சேது யாருன்னு நீங்களே சொல்லுங்க."

அவர் முகம் போன போக்கைப் பார்த்து எனக்கு மனம் குளிர்ந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்? புவனேசன் இரண்டு நாள் உட்கார்ந்து, லீலாவதி ஐசி எண்களை ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்லப் பிரித்தெடுத்தார். "நீங்க சொன்னப்பவே கேட்டிருக்கணும்கா" என்று சொல்லிவிட்டுத்தான் போனார். அவராவது சொன்னார். ரவீந்திரன் விளக்கக் கடிதப் பேச்சையே விட்டுவிட்டார், ஆனால் மன்னிப்பு என்ற சொல் அவர் வாயில் வரவில்லை.

பதினேழு வீடுகள் உரியவர்களுக்கே திரும்பின. கண்மணியக்காவின் வீட்டை மட்டும் அதற்குள் வேறொருவர் வாங்கிக் கையெழுத்துப் போட்டுவிட்டார். சட்டப்படி ஒன்றும் செய்வதற்கில்லையாம், அடுத்த கட்டத்தில் பார்க்கலாமாம். அடுத்த கட்டத்துக்கு இன்னும் தேதி வைக்கவில்லை. லயத்தை இடிப்பதற்கு மட்டும் மார்ச் மாதத்தில் தேதி இருக்கிறது.

மென்பொருளில் இப்போது கண்மணியக்காவுக்குத் தனிப் பக்கம் உண்டு. பெயரைத் தட்டினால் அவருடைய தாள்கள் அத்தனையும் ஒழுங்காகத் திறக்கின்றன. வீட்டு எண் இருக்க வேண்டிய கட்டம் காலி. தினமும் காலையில் மென்பொருள் லீலாவதியிடம், இந்த வீட்டு மனுவை முடித்துவிடலாமா என்று கேட்கிறது. முடித்தால் கண்மணியக்காவுக்கு வீடு பாக்கி என்பதே பதிவில் இருக்காது. முடித்துவிடச் சொல்லி மேலாளரும் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். லீலாவதி 'இல்லை' என்பதை அழுத்திவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கிறார்.