நீங்க எந்த ஊரு கண்ணு?

எண்பதுகளில் ஏற்காட்டில் விடுதியில் தங்கி ஒன்பதாம் வகுப்புப் படித்தேன். அப்பா காப்பி எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர் என்று தோழிகளிடம் அளந்து வைத்திருந்தேன். உண்மையில் அப்பாவும் அம்மாவும் பக்கத்துத் தலைச்சோலை எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிப்பவர்கள்.

டிசம்பரில் ஒருநாள் டீச்சர் எங்களை எஸ்டேட் பார்க்க அழைத்துப்போனார். பஸ்ஸை விட்டு இறங்கினால் எதிரே அம்மா! என் முழியைப் பார்த்ததுமே அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. யாரோ போல நின்றுகொண்டார்.

டீச்சர் எங்களையும் பறித்துப் பார்க்கச் சொன்னார். மற்றவர்கள் காயும் பழமுமாக உருவிக்கொண்டிருக்க, நான் என்னை மறந்து தாவணியை மடியாகக் கட்டி, பழுத்ததை மட்டும் இரு கையாலும் பறித்து நிரப்பிவிட்டேன். நிமிர்ந்தால் எல்லாரும் என்னையே பார்க்கிறார்கள்.

"ரைட்டர் மகளுக்கு இது எப்படிடீ வரும்?" என்றாள் ஒருத்தி.

அம்மா என்னைக் காப்பாற்ற ஓடி வந்தார். "படிக்கிற புள்ளைங்க, சட்டுனு புடிச்சுக்கும்" என்றவர், என்னிடமே கேட்டார்: "நீங்க எந்த ஊரு கண்ணு?"

அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. "ஊரென்ன, உங்க ஊடுதானுங்கம்மா" என்று அம்மாவைக் கட்டிக்கொண்டேன்.

தோழிகள் கேலி செய்வார்கள் என்று பயந்தேன். அவர்களோ ஆளுக்கொரு மடி கட்டிக்கொண்டு, "எங்களுக்கும் சொல்லிக்கொடுங்க" என்று அம்மாவைச் சூழ்ந்துகொண்டார்கள்!

இப்போதெல்லாம் யாரைச் சந்தித்தாலும், அம்மா என்ன வேலை செய்தார் என்பதை நானே முந்திக்கொண்டு சொல்லிவிடுகிறேன். "போதும் சாமி, நிறுத்து" என்று வெட்கப்படுவது அம்மாதான்.