எல்லாருக்கும் நன்று

தொண்ணூறுகளின் நடுவில், கோவையில் ஒரு தொழிற்பயிற்சி நிலையத்தில் பம்புசெட் மோட்டாருக்குச் செம்புக் கம்பியைக் காயிலாகச் சுற்றக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தேன். படிக்க வந்தவர்கள் எல்லாரும் பெண்கள். கடைசி சில மாதங்கள் அவர்கள் பட்டறைகளில் வேலை பார்க்க வேண்டும். எங்கள் கண்ணில் படாத அந்த வேலைக்கு மதிப்பெண் போட, பட்டறை சூப்பர்வைசரிடமே எழுதி வாங்குவது என்று முடிவாயிற்று. படிவம் தயாரிக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

வேலைத்திறன், கவனம், சுத்தம் என்று எழுதி, எதிரே நன்று, சுமார், போதாது எனக் கட்டங்கள் போட்டேன். வந்து சேர்ந்ததைப் பிரித்தால் எல்லாப் பெண்களுக்கும் எல்லாவற்றிலும் நன்று. ஒருவர் மேலிருந்து கீழே ஒரே கோடாக இழுத்துவிட்டிருந்தார்.

எரிச்சலோடு கணபதிப் பகுதியில் இருந்த ஒரு பட்டறைக்குப் போனேன். அங்கே என் மாணவிகள் இருவர் இருந்தார்கள். ஒருத்தி தனியாகவே மோட்டார் முடிக்கிறாள் என்றும், மற்றவளைக் கம்பியைத் தொட விடாமல் கம்பிக்கு அடியில் வைக்கும் இன்சுலேஷன் பேப்பர் வெட்டவே வைத்திருக்கிறோம் என்றும் சூப்பர்வைசர் டீ வரவழைத்துக்கொண்டே சொன்னார். பிறகு ஏன் இருவருக்கும் ஒரே மாதிரி எழுதினீர்கள் என்று கேட்டேன்.

"வாயில சொல்றதுன்னா சொல்லிப்போடலாமுங்க அம்மணி. எழுத்துல எப்படீங்க? நாளைக்கு அந்தப் புள்ள வேற பக்கம் வேலைக்குப் போவோணுமில்லீங்க."

அவர் சொன்னதில் தப்பில்லை. அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

படிவத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு வேறு எழுதினேன். வேலை நன்றா சுமாரா என்று கேட்கவில்லை, நடந்ததைக் கேட்டேன். தனியாகச் சுற்றிய மோட்டார் எது, சோதனையில் சரியாக ஓடியதா, அல்லது சுற்றும் வேலையைக் கொடுக்கவே இல்லையா. கொடுக்கவில்லை என்று எழுதினால் அது அந்தப் பெண்ணின் குறையாகாது. படித்துக் காட்டியபோது, இதுன்னா எழுதலாம் என்று சூப்பர்வைசர் தலையாட்டினார்.

எங்கள் முதல்வர் தலையாட்டவில்லை.

"பட்டறைக்காரங்க நமக்கு ஒத்தாசை பண்றாங்க மேடம். அவங்களையும் பரீட்சை எழுத வெக்காதீங்க" என்றார்.

எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். தட்டச்சாகி வந்த படிவத்தில் என் கேள்வி ஒன்றுகூட இல்லை. பழைய கட்டங்கள்தான் இருந்தன. அதிலும் 'போதாது'வை எடுத்துவிட்டிருந்தார்கள்.

தேர்வு முடிவைப் பலகையில் ஒட்டிய அன்று பேப்பர் வெட்டிய பெண் என்னைத் தேடி வந்தாள். முகத்தில் சந்தோஷமே இல்லை.

"நன்றுன்னு போட்டிருக்குதுங்க மேடம். எனக்கு இன்னும் காயிலே சுத்தத் தெரியாதுங்களே. வேலைக்குப் போனா என்னங்க பண்ணுவேன்?"

மறுநாளிலிருந்து தினமும் வகுப்பு முடிந்ததும் அவளை உட்காரவைத்து, எரிந்துபோன பழைய மோட்டார்களின் ஸ்டேட்டர்களில் இருந்த கம்பியைப் பிரித்து, புதிதாகச் சுற்ற வைத்தேன். தேர்ச்சி பெற்ற பெண்ணுக்கு எதற்குக் கம்பியை வீணாக்குகிறீர்கள் என்று ஸ்டோர்காரர் கேட்டார். அவள் கற்றுக்கொண்டாள், பீளமேட்டில் வேலையும் கிடைத்தது. அடுத்த ஆண்டும் அதே படிவங்களை நானே பட்டறை பட்டறையாகக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.