குருநாதன் காரின் எடை

குருநாதனைப் பற்றி எழுத எனக்கு ஒரே ஒரு தகுதிதான் உண்டு. அவன் காருக்காக மதராசுக்குப் போன கடிதங்கள் எல்லாம் என் டைப்ரைட்டரில் அடித்தவை. போர்ட் பிளேயரில் நான் பொதுப்பணி இலாகா டைப்பிஸ்ட். மெயின்லேண்டுக்கு இங்கிலீஷில் கடிதம் போட வேண்டிய தமிழர்கள் ஆபீஸ் விட்டதும் நேரே என் வீட்டுக்கு வந்துவிடுவார்கள். அவர்களுக்குப் போட்ட டீயில் நான் ஒரு வீடு கட்டியிருக்கலாம்.

ஜங்லிகாட்டில் பக்தவத்சலம் மண்டியைத் தெரியாதவர்கள் கிடையாது. காட்டை வெட்டிக் குடியேறிய செட்டிலர்கள் கொண்டுவரும் கொப்பரையும் பாக்கும் அங்கேதான் எடைக்கு வரும். எடை போடுகிறவன் குருநாதன். தராசுக்கு இந்தியில் காண்டா என்று பெயர்; ஆகவே வங்காளி, தெலுங்கர், ராஞ்சிக்காரர் எல்லோருக்கும் அவன் காண்டா பாபு. ஒல்லியான ஆள், பேச்சு குறைவு. எடையைச் சொல்லும்போது மட்டும் குரல் பெரிதாகும். அந்தக் குரலை நம்பித்தான் குழந்தைவேலு என்ற செட்டிலர் தன் மகள் நீலாவதியைக் கொடுத்தார். தராசு பிடிக்கிறவன் நேர்மையாக இருப்பான் என்று அவருக்கு ஒரு நினைப்பு.

துறைமுகத்து இஞ்சினியர் ஒருவர் மாற்றலாகிப் போகும்போது தன் ஃபியட் காரை விற்றார். குருநாதன் வாங்கினான். மண்டி நேரம் போக, கப்பல் நிற்கும் ஜெட்டிக்கும் ஆஸ்பத்திரிக்கும் சவாரி ஓட்டினான். அதோடு நின்றிருந்தால் நானும் நிம்மதியாக இருந்திருப்பேன். ஆனால் ஜனவரி இருபத்தாறாம் தேதி விளையாட்டு விழாவில், சாக்கு ஓட்டம், கயிறு இழுப்பு எல்லாம் முடிந்ததும் ஒரு கார் பந்தயம் நடக்கும். விமானம் வாரத்துக்கு இரண்டு நாள்தான் வரும் என்பதால் ஓடுபாதை சும்மா கிடந்தது. ஒரு முனையில் புறப்பட்டு, மறுமுனையில் வைத்த தார் டிரம்மைச் சுற்றித் திரும்பி வர வேண்டும். ஓடுவது நாலு வண்டி. குருநாதன் மூன்று வருஷமும் நாலாவது.

குழந்தைவேலு பன்னிரண்டு மைல் பஸ் ஏறி வந்து பந்தயம் பார்ப்பார். முடிந்ததும், "மாப்பிள்ளே, இந்தத் தடவ எத்தனாவது?" என்பார். கண்ணால் பார்த்துவிட்டுத்தான் கேட்பார். பக்கத்தில் நிற்கும் நீலாவதி முகத்தைத் திருப்பிக்கொள்வாள். ஒரு தடவையாவது அவள் முகத்தைத் திருப்பாதபடி பதில் சொல்ல வேண்டும். குருநாதனுக்கு இருந்த ஆசை அவ்வளவுதான். அதற்கு மேல் அவன் எதற்கும் ஆசைப்பட்டு நான் பார்த்ததில்லை.

1968-ல் மெக்கானிக் ராஜமாணிக்கம் காரின் நோயைக் கண்டுபிடித்தான். டிரம்மைச் சுற்றும்போது காரின் முன்பக்கம் ஒரு பக்கமாகச் சாய்கிறது. உள்பக்கச் சக்கரம் தரையிலேயே இல்லை. முன் ஸ்பிரிங் இரண்டும் தளர்ந்துவிட்டன. வேறு போட வேண்டும். மதராசில் பந்தயக் கார்களுக்கு ஸ்பிரிங் சுற்றிக் கொடுக்கும் பட்டறை ஒன்று இருப்பதாக யாரோ சொல்ல, நான் முதல் கடிதத்தை அடித்தேன். அடுத்த கப்பலில் பதில் வந்தது. மூன்று வகை உண்டு என்று எழுதியிருந்தார்கள். கம்பெனி மாதிரியே மெத்தென்ற ஒன்று. பந்தயத்துக்கு மட்டுமான, காரை இரண்டு அங்குலம் இறக்கிவிடும் கெட்டியான ஒன்று. ஊருக்கும் பந்தயத்துக்கும் பொதுவாக, ஒரு அங்குலம் இறக்கும் நடுவாந்தரம் ஒன்று.

நாலு சாயங்காலம் என் வீட்டில் உட்கார்ந்து யோசித்தான். அவன் கல்யாணத்துக்கே ஒரு சாயங்காலம்தான் யோசித்தான். "ரேஸ் ஸ்பிரிங் போட்டா ரோட்டுல ஒரு பீடி மேல ஏறினாக்கூட இடுப்புல தெரியும்" என்று ராஜமாணிக்கம் பயமுறுத்தியிருந்தான். எட்டு மாதம் மழை பெய்கிற ஊர். பீடியைவிடப் பெரியவை ரோட்டில் நிறைய இருந்தன. ஜெட்டிக்குப் போகும் சவாரி சும்மா இருக்குமா? கம்பெனி மாதிரியே போட்டால் மறுபடி நாலாவது.

"ரெண்டுக்கும் நடுவுலதான் பாபு. ஊருக்கும் ஆகும், டிரம்மையும் சுத்தும்" என்றான் ஐந்தாவது நாள்.

"அதை முதல் நாளே சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"முத நாளு தெரியலையே."

காரின் எடையை எழுத வேண்டும், அதற்கேற்ற கனத்தில்தான் கம்பி சுற்றுவோம் என்பது பட்டறைக்காரர்களின் நிபந்தனை. எடை போடுவது குருநாதனுக்குப் பிரச்சினையா? ஒரு ஞாயிற்றுக்கிழமை காரை மண்டிக்கு ஓட்டிக்கொண்டு போனான். மூட்டை வைக்கும் மேடையில் ஒவ்வொரு சக்கரமாக ஏற்றினான். மற்ற மூன்று சக்கரமும் அதே உயரத்தில் நிற்பதற்குப் பலகை அடுக்கினான். நாலையும் கூட்டி எழுநூற்று எண்பது கிலோ என்று என்னிடம் சொன்னான், அந்தப் பெரிய குரலில். நானும் அடித்தேன்.

இங்கே, எனக்குப் பிற்பாடு தெரிந்த ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்தத் தராசில் தொங்கும் எடைக்கல்லின் அடியில் ஈயம் திருகப்பட்டிருந்தது. நூறு கிலோ கொப்பரை வைத்தால் எண்பத்தேழரைதான் காட்டும். தராசைச் சோதித்து முத்திரை குத்திய அதிகாரி போன மறுநாள் வைத்தது. "கொப்பரை ஈரம் குடிச்சிருக்கும். அந்தக் கழிவை முன்னாடியே எடுத்துடறோம்" என்று பக்தவத்சலம் சொல்ல, வேலைக்குச் சேர்ந்த புதிதில் குருநாதனே திருகி வைத்தான். வெயில் காலத்திலும் அது கழற்றப்படவில்லை. பதினோரு வருஷம் ஆகிவிட்டது. விஷயம் தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் முதலாளி. இன்னொருவன் மறந்துவிட்டான்.

அவனைப் பொறுத்தவரை ஊரில் வேறு தராசே கிடையாது. அது சொல்வதுதான் கிலோ. அந்தக் கிலோவில்தான் அவன் தன் காரையும் நிறுத்தான்.

டிசம்பரில் ஸ்பிரிங் வந்தது. கிரீஸ் காகிதம் சுற்றி, பளபளவென்று. ராஜமாணிக்கம் மாட்டிவிட்டு ஜாக்கியை இறக்கினான். ஒரு அங்குலம் இறங்க வேண்டிய முன்பக்கம் இரண்டு அங்குலம் இறங்கி நின்றது. நாலு பேர் ஏறினால் பள்ளத்துக்குப் பள்ளம் ஸ்பிரிங் முழுக்க அமுங்கி ரப்பர் கட்டையில் இடித்தது. கார் எதையோ தரையில் தேடிக்கொண்டு போவது மாதிரி இருந்தது. குருநாதன் கோபப்பட்டு நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. பட்டறைக்காரன் மோசடிக்காரன், தீவுக்காரன்தானே என்று கழிசலைத் தள்ளிவிட்டான் என்றெல்லாம் எழுதச் சொன்னான். இங்கிலீஷில் அதைக் கொஞ்சம் மரியாதையாக எழுதினேன்.

ஜனவரி இரண்டாவது சனிக்கிழமை பதில் வந்தது. மண்டி விலாசத்துக்கு வந்த கடிதம். ஆள் அனுப்பி என்னை வரவழைத்தான். அன்று கூட்டம். இருபது முப்பது செட்டிலர்கள் மூட்டைகளோடு நின்றார்கள். வரிசையில் முதல் ஆள் குழந்தைவேலு; அவருடைய ஒரு மூட்டை அப்போதுதான் எடை பார்த்து இறங்கியிருந்தது. ஐம்பத்தாறு கிலோ.

"சத்தமா படிங்க பாபு. தமிழ்லயும் சொல்லுங்க, இந்தியிலயும் சொல்லுங்க. மதராசுக்காரன் பண்ணின சோரித்தனம் ஊருக்கே தெரியட்டும்" என்றான் குருநாதன்.

படித்தேன். நல்ல மரியாதையான கடிதம். "தாங்கள் எழுதிய எடை, இந்த வகைக் கார் கம்பெனியிலிருந்து வரும் எடையைவிட நூற்றுப் பன்னிரண்டு கிலோ குறைவு. பந்தயக்காரர்கள் பின் சீட்டையும் மற்றதையும் கழற்றிவிடுவது வழக்கம் என்பதால் நாங்கள் கேள்வி கேட்கவில்லை. தங்கள் காரில் ஏதேனும் பாகம் இல்லையா? எல்லாம் இருக்கிறது என்றால், எடை பார்த்த தராசைத் தயவுசெய்து சோதிக்கவும்."

இந்தியிலும் சொன்னேன். சொல்லும்போதே என் குரல் இறங்கியது. ஒரு வங்காளிக் கிழவர், "ஃபிர் சே போலோ, பாபு" என்றார். மறுபடி சொன்னேன்.

குழந்தைவேலு மாப்பிள்ளையைப் பார்த்தார். "காருல எதாச்சும் காணாமப் போச்சா, மாப்பிள்ளே?"

குருநாதனின் உதடு மட்டும் அசைந்தது. "நூத்துக்குப் பன்னெண்டரை. எட்டுல ஒண்ணு" என்றான் தனக்குத்தானே. பிறகு அவன் முகத்தில் வந்ததை நான் இன்னும் மறக்கவில்லை. வெட்கமும் இல்லை, பயமும் இல்லை. கணக்குக்கு விடை கிடைத்த சந்தோஷம். நேரே போய் ஸ்குரூ டிரைவரை எடுத்தான். எடைக்கல்லைக் கவிழ்த்து ஈயத்தைக் கழற்றி மேஜைமேல் வைத்தான். மூட்டைகளைத் தள்ளச் சொல்லி, வெளியே நின்ற காரைக் கொண்டுவந்து சக்கரத்தை மேடையில் ஏற்றினான். பலகை பிடிக்க நாலு பேர் உதவி செய்தார்கள், என்ன நடக்கிறது என்று பார்க்கும் ஆவலில்.

"எண்ணூத்துத் தொண்ணூத்தி ரெண்டு. சரியா இருக்கு" என்றான் பெரிய குரலில்.

நியாயம் செய்கிறான் என்று பிற்பாடு சிலர் சொன்னார்கள். நான் பக்கத்தில் நின்றவன். அவனுக்கு அப்போது வேண்டியிருந்தது ஸ்பிரிங்குக்குச் சரியான எடை, வேறொன்றும் இல்லை.

கார் இறங்கியதும் குழந்தைவேலு தன் மூட்டையைத் தானே தூக்கி மேடையில் போட்டார். வயசு அறுபத்து மூன்று. யாரையும் கை கொடுக்க விடவில்லை. அறுபத்து நாலு கிலோ. குருநாதன் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. அவரே குனிந்து பார்த்துக்கொண்டார்.

சத்தம் இல்லாததைக் கவனித்து பக்தவத்சலம் உள்ளறையிலிருந்து வந்தார். "கடை நேரத்துல காரை யாருப்பா இங்க ஏத்தச் சொன்னது?" என்றார் முதலில். பிறகுதான் மேஜைமேல் இருந்த ஈயம் கண்ணில் பட்டது. அதைக் கையில் எடுத்து, நாணயமான மனிதர் ஒருவர் எப்படித் திருப்பிப் பார்ப்பாரோ அப்படித் திருப்பிப் பார்த்தார். "இது எவன் வச்சது?"

"நான்தாங்க" என்றான் குருநாதன்.

ஈயத்தின் லாபம் முதலாளிக்குத்தான்; வைக்கச் சொன்னது யார் என்று அடுத்த வார்த்தை வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் கடிதத்தைக் கசக்கிவிட்டேன். அன்று மத்தியானமே அவன் வேலை போயிற்று. "முதலாளி பேரை ஏன்டா சொல்லல?" என்று வழியில் கேட்டேன். "திருகினது என் கைதானே பாபு" என்றான்.

அவனைத் தனியாக அனுப்ப மனம் வராமல் வீடு வரைக்கும் போனேன். விஷயம் எங்களுக்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தது. நீலாவதி வாசலில் நின்றாள். நான் இருப்பதை அவள் பொருட்படுத்தவில்லை.

"எங்கப்பா மூட்டைய நிறுக்கும்போது உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

குருநாதன் யோசித்தான். ஸ்பிரிங்குக்கு யோசித்தது மாதிரியே, அவசரப்படாமல். "மொத வருசம் தெரியும். அப்புறம் மறந்துருச்சு."

தெரியாது என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். அழுதாவது இருக்கலாம். அவள் உள்ளே போய் ஒரு பையோடு வந்தாள். "வண்டில கொண்டு விடட்டா?" என்று கேட்டான் மடையன். அவள் பஸ்ஸில் போனாள்.

இருபத்தாறாம் தேதி வந்தது. ராஜமாணிக்கம் ஸ்பிரிங்குக்கு அடியில் படாக் மரத்தில் கட்டை செதுக்கி வைத்து முன்பக்கத்தை ஒருவாறு தூக்கிவிட்டிருந்தான். குருநாதன் இரண்டாவது வந்தான். ஒரு மூக்கு நீளத்தில்தான் முதல் இடம் போயிற்று. மாமனார் வீட்டிலிருந்து யாரும் வரவில்லை. எத்தனாவது என்று அவனைக் கேட்கவும் ஆளில்லை. காரை ஓரமாக நிறுத்திவிட்டு, ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே வெகுநேரம் உட்கார்ந்திருந்தான். அருகில் போய் நின்றேன்.

பிப்ரவரியில் கடைசிக் கடிதம் எழுத வந்தான். இப்போது முழுநேரமும் சவாரிதான். பட்டறைக்காரர்கள் பெருந்தன்மையாக, சரியான எடைக்கு வேறு ஜோடி செய்து தருவதாகச் சொல்லியிருந்தார்கள். மூன்றில் எந்த வகை என்று மறுபடி எழுத வேண்டும். போன தடவை ஏமாந்தது போதும் என்று, காரில் வழக்கமாக ஏறுகிறவர்கள் எடையையும் தனித்தனியாகக் கேட்டிருந்தார்கள்.

"அதே நடுவாந்தரம்தானே?" என்றேன், விரலை டைப்ரைட்டரில் வைத்துக்கொண்டு.

"இல்ல பாபு. கம்பெனி மாதிரி, மெத்துன்னு இருக்கறது."

"ரேஸ்?"

"மாமனார் ஊர் ரோட்டுல பள்ளம் ஜாஸ்தி. அவ வந்தா உக்காரணும்."

"வரேன்னு சொன்னாளா?"

"இல்ல."

அவன் எடையை அடித்தேன். அடுத்த வரிக்கு, நீலாவதி எடை என்ன என்று கேட்டேன். உத்தேசமாக ஐம்பது போடட்டுமா என்றேன்.

"உத்தேசம் வேணாம்" என்றான். "நான் கேட்டுட்டு வந்து சொல்றேன்."

கடிதம் டைப்ரைட்டரிலேயே இருந்தது. நாலு நாள் வேறு யாருக்கும் நான் எழுதித் தரவில்லை. அந்தக் காகிதத்தை உருவ மனம் வரவில்லை. ஐந்தாம் நாள் வந்தான். காலம் தப்பிய மழை, சட்டை நனைந்திருந்தது.

"நாப்பத்தேழு" என்றான். குரலை உயர்த்தாமல் சொன்னான். "ஆஸ்பத்திரியில பாத்ததாம். அவளே சொன்னா."

"வேற என்ன சொன்னா?"

"வேற ஒண்ணும் சொல்லல. எடைய மட்டும் சொன்னா."

நாற்பத்தேழு என்று அடித்தேன்.