நான் மிதிக்க மறுத்த முதுகு

போன வருடம் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பிடுங்கும் சமயம், திண்டிவனத்தில் எங்கள் வீட்டு வாசலில் நடந்தது இது.

முதலில் என்னைப் பற்றிக் கொஞ்சம் பீற்றிக்கொள்கிறேன். நான் பிறக்கும்போது தலைக்குப் பதில் கால்தான் முதலில் வெளியே வந்ததாம். அப்படிப் பிறந்தவர்கள் மிதித்தால் இடுப்புப் பிடிப்பு விட்டுப்போகும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. தெருவில் யாருக்கு இடுப்புப் பிடித்தாலும் என் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். குப்புறப் படுக்கச் சொல்லி, வலது காலால் மெல்ல மிதிப்பேன். "ராசியான காலு" என்பார்கள். எனக்கும் உச்சி குளிர்ந்துபோகும், இல்லையென்று ஏன் சொல்ல வேண்டும்?

அன்று காலை என் நாத்தனார் தன் கணவரை ஆட்டோவில் கூட்டி வந்தார். ஒரு காதுகுத்து விசேஷத்தில், பந்தியில் ஆரம்பித்த மனஸ்தாபத்தால் எங்களுக்குள் பேச்சே இல்லை. ஆனாலும் அண்ணன் (நாத்தனார் கணவரை நான் அப்படித்தான் கூப்பிடுவேன்) வலியில் துடித்ததால் வந்துவிட்டார். முந்தின நாள் மல்லாட்டை மூட்டையைத் தூக்கும்போது இடுப்பில் மளுக்கென்றதாம்.

அண்ணன் இறங்கி நடந்து வந்தபோது இடது செருப்பு பாதியில் கழன்று கிடந்தது. அதுகூடத் தெரியாமல் வந்துகொண்டிருந்தார். எனக்குச் சுருக்கென்றது. உட்காரவைத்து, அவர் கால் கட்டைவிரலை நறுக்கென்று கிள்ளினேன்.

"கிள்றியாம்மா? ஒண்ணுமே தெர்லியே" என்றார். காலையிலிருந்து சிறுநீரும் வரவில்லையென்று தயங்கித் தயங்கிச் சொன்னார்.

பிடிப்பென்றால் வலிக்கும், சரி. காலில் உணர்ச்சியே போகுமா? நரம்பு விஷயத்தில் என் காலுக்கு என்ன வேலை!

"நான் மிதிக்க மாட்டேன்க்கா. ஆஸ்பத்திரிக்குப் போலாம், ஜல்தி கிளம்புங்க" என்றேன்.

நாத்தனார் பொங்கிவிட்டார். "ஊரு சனத்துக்கெல்லாம் மிதிக்கிற, என் வூட்டுக்காரருக்குன்னா மட்டும் காலு வராதா? பழசை மனசுல வச்சிக்கினுதானே இப்படிப் பண்ற?"

தெருவே கூடிவிட்டது. "ஒரு மிதிதானேம்மா, மிதிச்சிடேன்" என்று பக்கத்து வீட்டுக்காரர்களும் சேர்ந்துகொண்டார்கள். எனக்கு அழுகை முட்டியது. கோபமும்தான். தெருமுனையில் நின்ற வாடகைக் காரை வரவழைத்து அண்ணனைப் படுக்கவைத்தேன். "என்னை என்னா வேணா திட்டுங்கக்கா. கார்ல ஏறித் திட்டிக்கினே வாங்க" என்றேன். முண்டியம்பாக்கம் பெரியாஸ்பத்திரி வரைக்கும் அப்படியேதான் வந்தார்.

ஸ்கேன் எடுத்தார்கள். முதுகெலும்பில் தட்டு பிதுங்கி நரம்புகளை நசுக்கிக்கொண்டிருந்தது. உடனே ஆபரேஷன் என்றார்கள்.

"சுளுக்கு எடுக்கிறேன்னு யாராவது மிதிச்சிருந்தா காலே போயிருக்கும். யார் கூட்டிக்கினு வந்தது?" என்று டாக்டர் கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள், "என் தம்பி பொண்டாட்டி சார்!" என்று நாத்தனார் என் கையைப் பிடித்து முன்னால் நிறுத்தினார்.

அண்ணன் இப்போது நன்றாக நடக்கிறார், மூட்டை மட்டும் தூக்குவதில்லை. நானும் யார் முதுகையும் மிதிப்பதில்லை. வருகிறவர்களை டாக்டரிடம் அனுப்பிவிடுகிறேன். எனக்கு ராசி போய்விட்டதென்று சிலர் முணுமுணுக்கிறார்கள். போகட்டுமே! தெருவே திரண்டு நின்று கேட்டும் அன்று நான் காலைத் தூக்கவில்லை, அந்தப் பெருமை ஒன்றே என் ஆயுசுக்கும் போதும்.